ரத்தம் எங்கே போகிறது

பிப்ரவரி 6

பயந்தாங்கொள்ளிக்கு,

நீ போட்ட வாழ்த்து அட்டை ஐஸ் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. வீட்டு முகவரிக்குப் போடாமல் இங்கே போட்டாயே, அந்த மட்டுக்கும் உனக்குப் புத்தி இருக்கிறது. உன் பேச்சை எடுத்தால் உன் அண்ணி இன்னும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். கத்தினாலாவது தேவலை. கத்துவதற்குத்தான் அவளுக்குக் குரல் இல்லையே.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவள் கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நீ அழுத அழுகையில்தான் நாங்கள் ஆபரேஷனுக்கு ஓடினோம். கட்டியில் ஒன்றும் இல்லை. வெட்டிய இடத்தில் நரம்பு போனதுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள் இன்றைக்கு அடுக்களையில் பேசினால் கூடத்தில் கேட்காது. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்கு வெளிச்சத்திலும் பேய்.

எழுத ஆசை இருந்தால் எழுது. கம்பெனிக்கே எழுது. ஒரே நிபந்தனை: யாருக்கும் எந்த வியாதியும் இருக்கிறது என்று எழுதாதே.

நான் சௌக்கியம். வயது நாற்பத்தெட்டு ஆகிவிட்டதால் கம்ப்ரஸர் மேல்தளத்துக்கு ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. நாள் முழுக்க ஐஸ் மென்றுகொண்டே இருக்கிறேன். பாளம் உடைக்கும்போது சிதறுகிற துண்டுகளைத் துணியில் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கம்பெனியில் எனக்கு 'அரவை மெஷின்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேறு வேலையில் இருந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். இங்கே கொள்ளை கொள்ளையாகக் கிடக்கிறது, கேட்பாரில்லை.

அண்ணன்

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறேன். சூடு கண்ட பூனை நான்.

எனக்கு இப்போது மருத்துவக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களுக்குப் பக்கத்தில் சின்ன அட்டைகள் இருக்குமே, அவற்றை எழுதுவதுதான் என் உத்தியோகம். இப்போது ரத்தசோகையின் வரலாற்றைப் பற்றி ஒரு கண்காட்சி தயாராகிறது. பழைய மாத்திரைப் புட்டிகள், இரும்புத் தூள் டப்பா, முகம் வெளுத்த பெண்களின் படங்கள். மெழுகில் செய்த ஒரு கையும் இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தவர்களின் நகம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆகிவிடுமாம், அதைக் காட்டுவதற்காகச் செய்தது. அந்தக் கையோடு தனியாக ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

அண்ணா, ஒன்று கேட்கலாமா? கேட்டால் நிபந்தனையை மீறியதாக ஆகுமா? அந்தக் காலத்துப் பெண்கள் அடுப்புக்கரி, சாம்பல், சுண்ணாம்பு என்று கண்டதையும் தின்றார்கள் என்று படித்தேன். பிற்காலத்துப் புத்தகங்களில் ஐஸும் சேர்ந்திருக்கிறது.

நான் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் ஒரு விளையாட்டு மாதிரி உன் நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். வழிந்து ஓடிவிட்டால் இந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் தங்கை

மார்ச் 1

பயந்தாங்கொள்ளிக்கு,

நின்றது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டிலும் சொட்டு முத்து மாதிரி நின்றது. கையை லேசாகச் சாய்த்தேன், அப்போதும் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சரி போ என்று கம்பெனி டாக்டரிடம் காட்டினேன். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏன்யா, ரத்தத்தைக் கொசுவுக்கு வாடகைக்கு விட்டிருக்கியா?" என்றார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு என்று வந்தது. ஆம்பளைக்குப் பதின்மூன்றாவது இருக்க வேண்டுமாம். "இது பொம்பளைங்களுக்கு வர்றது. வேளாவேளைக்கு ஒழுங்கா சாப்பிடு" என்று சொல்லி இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உன் அண்ணியிடம் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லையே.

உன்னைப் பாராட்டலாமா என்று யோசிக்கிறேன். ஆயுசில் முதல் தடவையாக நீ பயந்தது சரியாக இருந்திருக்கிறது. அதனால் தலைகால் தெரியாமல் ஆடாதே.

இங்கே புது மேனேஜரோடு எனக்கு மல்லுக்கட்டு. ஐஸ் மெஷினைக் குளிரவைக்கிற அமோனியா காஸ் குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு வாரமும் "காஸ் அடிச்சு விடு, ஓடட்டும்" என்கிறார். நிறுத்திவிட்டு ஓட்டையைத் தேடலாம் என்றால் உற்பத்தி போய்விடுமாம். குறைகிற காஸ் காற்றில் கரைந்தா போகும்? எங்கேயோ ஒழுகுகிறது. காஸ் அடிக்க மெக்கானிக் எதற்கு, வாட்ச்மேன் போதும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். இன்னும் 'உர்'ரென்று இருக்கிறார்.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் மாத்திரை என்று படித்து மூச்சு விட்டேன். வேளை தவறாமல் போடு. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது சகஜம்தான், அதைப் பார்த்துப் பயப்படாதே. நான் ஒருவருக்குப் பயப்படாதே என்று சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

உன் கம்பெனி டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. முந்நூறு வருஷத்துக்கும் மேலாக இதைக் கன்னிப்பெண்களின் வியாதி என்றுதான் சொல்லி வந்தார்கள். முகம் வெளுத்து, தோலில் லேசாகப் பச்சை ஓடியதால் பச்சை நோய் என்றும் பெயர். காதல் ஏக்கம் என்றார்கள். கல்யாணம் செய்துவைத்தால் தீரும் என்று வைத்தியமே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கனவே வெளுத்துப்போனவளின் கையைக் கீறி இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்த புண்ணியவான்களும் உண்டு. பிறகு ஒரு வைத்தியர் இரும்புத் தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். வெளுத்த முகம் சிவந்தது. அப்புறம் மாத்திரைகள் வந்தன. மாத்திரையில் இருக்கும் இரும்பு ரத்தத்தில் சேருகிறதா, சும்மா மனசுக்குத்தான் தெம்பா என்று பெரிய பெரிய வைத்தியர்கள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் இரும்பை ஊசி வழியாகத் தோலுக்கடியில் செலுத்தி, அது ரத்தமாகிறது என்று காட்டினார். இதையெல்லாம் ஒரு உள்ளங்கை அளவு அட்டையில் நான் எழுத வேண்டும்.

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். வேண்டாம், இன்னொரு கடிதத்தில் பார்க்கலாம்.

உன் தங்கை

ஏப்ரல் 4

பயந்தாங்கொள்ளிக்கு,

அதிசயம் கேள். மாத்திரை போட ஆரம்பித்து ஒரு வாரத்திலேயே ஐஸ் ஆசை விட்டுப்போயிற்று. இப்போது பாளத்தைப் பார்த்தால் பல் கூசுகிறது. அரவை மெஷின் ரிப்பேர் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். ஏணி ஏறினால் மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. ரத்தம் ஒன்பதைத் தாண்டிவிட்டது.

இதைவிடப் பெரிய அதிசயம் வீட்டில். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்ததைப் பார்த்துவிட்டு உன் அண்ணி, "யார் பார்த்துச் சொன்னது?" என்று கேட்டாள். எத்தனை நாள்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது? சொல்லிவிட்டேன். எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று பார்த்தேன், போகவில்லை. "இன்னும் தனியாத்தான் சமைச்சுச் சாப்பிடறாளா?" என்று கேட்டாள்.

ஜூன் மாதம் உனக்கு லீவு கிடைக்குமா? கிடைத்தால் வீட்டுக்கே வா. இதை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

அண்ணன்

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி கேட்ட அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். தனியாகத்தான் சமைக்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல். ஜூனில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணிக்கு என்ன வாங்கி வரட்டும்? அவர்கள் முன்னால் எப்படி நிற்பேன் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் என்ன இருந்தது என்று கேட்காதே. ஒரே ஒரு சின்ன விஷயம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, ரத்தம் எப்படிக் குறைந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டுவை. தெரிந்துகொள்ளத்தான், வேறொன்றும் இல்லை.

உன் தங்கை

மே 10

பயந்தாங்கொள்ளிக்கு,

டாக்டரிடம் நீ சொன்னதைக் கேட்டேன். "வந்தது போச்சே, அப்புறம் எப்படி வந்ததுன்னு எதுக்கு ஆராய்ச்சி?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மாத்திரையை நிறுத்தி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தியது. மாத்திரையை விட்டதும் அது சரியாயிற்று. கறுப்பு மட்டும் இன்னும் போகவில்லை. தார் மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் போட்ட இரும்பு உள்ளே இருப்பு இருக்கும், அது காலியாக வேண்டாமா? நீதான் பயப்படாதே என்று எழுதினாய், நானும் பயப்படவில்லை பார்.

நேற்று மறுபடி ஒரு துண்டு ஐஸ் வாயில் போட்டேன். வெயில் அப்படிக் கொளுத்துகிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உன் அண்ணி உனக்காக உள் அறையைச் சுத்தம் செய்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டிருக்கிறாள். நீ வருகிறாய் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, வேலையை மட்டும் செய்கிறாள்.

அண்ணன்

மே 15

அண்ணா,

மாத்திரைக் கறுப்பு சில நாளில் போய்விடும். மூன்று வாரம் நிற்காது. உள்ளே இருப்பெல்லாம் இருக்காது. நீ பார்த்தது இரும்பு இல்லை, ரத்தம். குடலுக்குள் ஒழுகிப் பழசாகி வரும் ரத்தம் அப்படித்தான் தாராக வரும். பயப்படாதே என்று எழுதிய என் கையை வெட்டினால் தேவலை என்றிருக்கிறது. நான் சொன்னதை நம்பித்தான் அதைப் பார்த்தும் சும்மா இருந்திருக்கிறாய்.

உன் கடிதம் வந்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். "கட்டி" என்று நான் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

நான் கிழித்த கடிதங்களில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன். மாதாமாதம் ரத்தம் போகிறவளுக்கு இரும்பு குறைவது புரிகிறது. பிள்ளை சுமக்கிறவளுக்கும் புரிகிறது. நாற்பத்தெட்டு வயது ஆம்பளைக்கு, மூன்று வேளையும் சாப்பிடுகிறவனுக்கு, அது எப்படிக் குறையும்? எங்கேயோ போனால்தானே குறையும்? எத்தனையோ வருஷம் வைத்தியர்கள் இதைப் பெண்களின் வியாதியாகவே பார்த்து, இரும்பைக் கொடுத்து, முகம் சிவந்ததும் அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களில் யாருடைய ரத்தம் எங்கே ஒழுகியது என்று எத்தனை பேர் தேடினார்களோ தெரியாது. பிற்காலத்தில்தான் ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது வந்தால் முதலில் வயிற்றையும் குடலையும் பார் என்று எழுதி வைத்தார்கள். நான் பிப்ரவரியிலேயே படித்துவிட்டேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுபடியும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசை.

மேனேஜரிடம் நீ என்ன சொன்னாய்? காஸ் அடிக்க மெக்கானிக் எதற்கு என்று கேட்டாயே. உன் டாக்டர் உனக்குக் காஸ் அடித்து அனுப்பியிருக்கிறார், அண்ணா. நீயும் அடித்துக்கொண்டு வந்துவிட்டாய்.

ஜூனில் நான் வரவில்லை. விரிப்பை மடித்து வைத்துவிடச் சொல். என் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல். இன்றைக்கே போ.

தங்கை

மே 21

நீ போனில் பேசியதைக் கேட்ட நாளிலிருந்து உன் அண்ணி சாப்பிடவில்லை. கழுத்துத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். உனக்கு இப்போது திருப்திதானே?

நான் நன்றாக நடக்கிறேன், வேலை செய்கிறேன். என் உடம்பு எனக்குத் தெரியும். காஸ், மெஷின் என்று என் பேச்சை எடுத்து எனக்கே திருப்பி அடிக்கிறாய். மனுஷன் என்ன கம்ப்ரஸரா? நிபந்தனை என்று ஒன்றுதான் போட்டேன். அதையும் மீறிவிட்டாய். இனி எழுதாதே.

அண்ணன்

ஜூன் 5
ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு

பயந்தாங்கொள்ளிக்கு,

எழுதாதே என்று சொன்னவனே எழுதுகிறேன். கை கொஞ்சம் கோணும், இன்னொரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. யார் ரத்தமோ, நல்லா இருக்கட்டும்.

முந்தைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். உன் அண்ணி வெளியே போகும் சேலை கட்டிக்கொண்டு, என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "கிளம்புங்க" என்றாள். "அவ பேச்சைக் கேட்டு ஒரு தடவை பட்டது போதாதா?" என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் இவ்வளவு நாள் கூட இருந்தும் அவளுக்கு இப்படிப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"என் கழுத்துல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சே, அது கெட்ட சேதியா? ரெண்டு வருஷமா குரல் போச்சு போச்சுன்னே உட்கார்ந்திருந்தேன். உசிரு இருக்குன்னு ஒரு நாள்கூட நினைக்கல. உங்களுக்கும் ஒண்ணும் இல்லைன்னு வரட்டும். அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து அவளை நல்லா திட்டலாம்."

முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. உனக்கு எழுத வேண்டிய வசவுகளை எல்லாம் வரிசையாக மனசில் அடுக்கினேன். சட்டையை மாட்டப் போனபோது அந்த டாக்டரம்மா, சின்னப் பெண்தான், "அதுக்குள்ள எங்க கிளம்புறீங்க? மேல இல்லைன்னா கீழ பார்க்கணும்" என்றாள். மறுநாள் கீழே பார்த்தார்கள். அந்த மரியாதைக் கேட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில், வலது பக்கம், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று வளர்ந்திருக்கிறது. அதிலிருந்துதான் ஒழுகியிருக்கிறது. ரத்தம் மறுபடி ஆறுக்கு இறங்கிவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். கெட்டதா, நல்லதா, வேறு எங்கேயாவது பரவியிருக்கிறதா என்று கேட்டேன். வெட்டி எடுத்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றாள் அந்தப் பெண். இன்னும் ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன் அண்ணி கேட்டாள். அந்த டாக்டரம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உன் அண்ணி உனக்குப் போன் செய்வாள். அவள் குரல் போனில் சரியாகக் கேட்காது, காதைத் தீட்டிக்கொண்டு கேள். நான் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். மேனேஜர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார், ஒன்றும் ஆகாது என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார். தரை துடைக்கிற அம்மா சொல்கிறார்கள். உன் அண்ணி அந்தக் கம்மின குரலில் சொல்கிறாள். நானும் திரும்பி, "ஆமா, என்ன ஆகப்போகுது" என்று அவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வயிற்றுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு போகவே இல்லை. தண்ணீர் குடித்தால்கூட அதன் மேல் படுமோ என்று தோன்றுகிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகு எழுந்திருப்பேனா என்று யாரிடம் கேட்பது? இவர்களிடம் சொன்னால் உடைந்துபோவார்கள். நீ எப்படியும் பயந்துபோய்த்தான் இருப்பாய், உன்னிடம் சொன்னால் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. தைரியம் சொல்ல வராதே, அதற்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பயப்படு.

அண்ணன்